ஒரு விநாழிகைப் பிழை: சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் நேரந்தவறாமை குறித்த ஆராய்ச்சி

கைக்கடிகாரம் எனப்படுவது மணிக்கட்டில் கட்டப்படுவதும், பிறர் மணி கேட்குங்கால் பார்க்கப்படுவதுமாகிய கருவியாகும். அது மின்கலத்தால் ஓடுவது, சாவியால் ஓடுவது எனப் பொதுவாக இருவகைப்படும். மின்கலத்தால் ஓடுவது உடையவரின் முயற்சி ஏதுமின்றியே சரியான நேரத்தைக் காட்டிவிடுவதால் அதில் ஆராய ஒன்றுமில்லை. சாவிக் கடிகாரமோ நாள்தோறும் சற்றே முந்தியோ பிந்தியோ ஓடி, உடையவரை ஐயுறவும் அண்டை வீட்டாரிடம் மணி கேட்கவும் வைப்பதால் ஆய்வுக்கு உரியதாகிறது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1961 இல் பெங்களூரில் தோன்றிய எச்.எம்.டி. கடிகார ஆலையின் ‘ஜனதா’, 17 கற்களைக் கொண்ட எளிய கடிகாரமாதலால், இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. கல் என்பது சக்கரங்களின் அச்சுமுனை தேயாமல் சுழல்வதற்காகப் பதிக்கப்படும் செயற்கை மாணிக்கம். எண்ணிக்கையில் 17 இருப்பினும் அடகுக் கடைக்காரர் எவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

சாவி கொடுக்கும்போது இறுகும் பெரிய வில் தன் விசையைப் பற்சக்கரங்களின் வழியே அனுப்ப, அவ்விசையைச் சிறு சிறு பங்காக அளந்து விடுபவை ‘பாலன்ஸ்’ எனப்படும் ஆடுசக்கரமும், அதை இருபுறமும் ஆடச் செய்யும் ‘ஹேர்ஸ்பிரிங்’ எனப்படும் மெல்லிய சுருளும் ஆகும். இச்சுருளை 1675 இல் ஹாலந்து நாட்டுக் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் வெளியிட, அந்த எண்ணம் தமக்கே முதலில் தோன்றியது என்று இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் உரிமை கோரினார். ஆக, காலத்தைச் செம்மையாக அளக்கும் கருவி, யார் முந்தியவர் என்ற பூசலோடுதான் பிறந்தது.

ஜனதாவின் ஆடுசக்கரம் மணிக்கு 18,000 முறை, அதாவது நாளொன்றுக்கு 4,32,000 முறை ஆடுகிறது. இவற்றில் 120 ஆட்டங்கள் குறைந்தால் கடிகாரம் 24 நொடி பிந்தும்; அஃது ஒரு நாழிகையில் அறுபதில் ஒரு பங்காகிய ஒரு விநாழிகை என்பதால், பண்டை அளவையின்படி இங்குக் காணப்படும் பிழை சிறிய அலகு ஒன்றே ஒன்றுதான். அப்பிழையுள்ள கடிகாரம் நூற்றுக்கு 99.97 பெற்றதாகும். அதே மதிப்பெண்ணை ஒரு மாணவர் பெற்றால் தெருவெங்கும் பதாகை வைக்கும் சமூகம், கடிகாரம் பெற்றால் அதை ரிப்பேர் கடைக்கு அனுப்புவது ஏன் என்பது தனியே ஆராயத் தக்கது. சுவிட்சர்லாந்தில் குரோனோமீட்டர் என்ற பட்டம் வேண்டும் கடிகாரங்களை 15 நாள், ஐந்து கிடைகளிலும் மூன்று வெப்பநிலைகளிலும் வைத்துச் சோதிப்பவர்கள், சராசரியாக நாளுக்கு 6 நொடி முந்துவதையும் 4 நொடி மட்டுமே பிந்துவதையும் பொறுத்துக்கொள்கின்றனர். தாமதிப்பவரிடம் கூடுதல் கடுமை காட்டும் இம்மரபு பள்ளித் தலைமையாசிரியர்களிடமும் காணப்படுவதே.

பிழை என்றால் எதனோடு ஒப்பிட்டுப் பிழை எனின், நாட்டின் திட்ட நேரத்தோடு என்பது விடை. ஆயினும் அத்திட்டமே மாறக்கூடியது. சென்னை வானாய்வகத்தைக் கொண்டு கணிக்கப்பட்ட சென்னை நேரம் கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 நொடி முற்பட்டிருக்க, 5 மணி 30 நிமிடம் முற்பட்ட இந்தியத் திட்ட நேரம் 1906 இல் நடைமுறைக்கு வந்தது. அதனால் சென்னை நேரத்தைத் துல்லியமாகக் காட்டி வந்த கடிகாரங்கள், ஒரு பல்லும் தேயாமல், 8 நிமிடம் 46 நொடி பிந்தியவையாயின. கடிகாரத்தைக் குறை கூறுமுன் அரசாணைகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது ஆய்வாளர் கடன்.

இனிக் கிடை. கிடை என்பது கடிகாரம் கழற்றி வைக்கப்படும் நிலை. முகம் மேல்நோக்கிப் படுத்திருக்கும்போது ஆடுசக்கரத்தின் அச்சு தன் முனையில் மட்டும் நின்று ஆடுவதால் உராய்வு குறைவு. நிமிர்த்தி வைத்தால் அச்சின் இருமுனைகளும் பக்கவாட்டில் உரசி, ஆட்டத்தின் வீச்சு சுருங்குகிறது. வீச்சு மாறினால் வேகமும் மாறும். ஆகவே பகலில் கையில் இருந்து பிந்தும் கடிகாரத்தை, இரவில் அது எந்தக் கிடையில் முந்துகிறதோ அந்தக் கிடையில் வைத்தால், பகற்கடன் இரவில் தீர்ந்து கணக்கு நேராகிவிடுகிறது. எது எந்தக் கிடையில் முந்தும் என்பது கடிகாரத்துக்குக் கடிகாரம் வேறுபடுவதால், அலமாரியில் மல்லாத்தியும், பக்கவாட்டில் சாத்தியும், ஆணியில் வாரால் தொங்கவிட்டும், ஒவ்வொரு கிடையிலும் சில இரவுகள் பார்த்துக் குறித்துவைத்தல் வேண்டும். இக்காலத்தில் வீட்டிலுள்ள பிறர் அதைத் தொடலாகாது. தொடுவர், ஆணியில் தொங்கும் எதையும் எடுத்து ஒழுங்காக மேசைமேல் வைக்கும் ஒருவர் எல்லா வீடுகளிலும் இருக்கிறார். கடிகாரவியல் நூல்களில் இப்பிழைக்கு இடமளிக்கப்படாதது பெருங்குறையாகும்.

சாவி கொடுப்பதைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை: நாள்தோறும் காலையில் ஒரே வேளையில், மேலும் திருகாது என்னும் வரை கொடுத்து, அங்கே நிறுத்துக. முழுதும் சாவி கொடுத்தால் வில் அறுந்துவிடும் என்ற அச்சத்தால் அரைகுறையாகக் கொடுப்போர் உளர். அவர்களது கடிகாரம் மாலையில் தளர்வதற்கு அவ்வச்சமே காரணம்.

காந்தமோ இவ்வியலில் மிக நுட்பமான பகுதி. ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, சுருளின் நீளம் குறைந்ததுபோல் ஆகி, கடிகாரம் நாளுக்குச் சில நிமிடங்கள் வரைகூடத் தறிகெட்டு முந்தும். இக்காந்தம் வீட்டுக்குள் எங்கிருந்து வருகிறது எனின், பெரும்பாலும் ஒலிபெருக்கியிலிருந்து. வானொலிச் செய்தி தொடங்கும் கணத்தோடு முள்ளை ஒப்பிட விரும்பிய முன்னோர், வசதி கருதிக் கடிகாரத்தைக் கழற்றி வானொலிப் பெட்டியின் மேலேயே வைத்தனர்; பெட்டி தன் வாயால் சரியான நேரத்தைச் சொல்லிக்கொண்டே தன் காந்தத்தால் கடிகாரத்தைக் கெடுத்து வந்தது. வானொலி போய்க் கைப்பேசி வந்த பின்னும் நிலைமை மாறவில்லை. அதனுள்ளும் ஒலிபெருக்கி உண்டு, மூடுறையில் காந்தப் பூட்டும் உண்டு. நேரம் சொல்லும் அதிகாரிக்கு அருகில் நெருங்கிப் பழகும் கடிகாரமே முதலில் கெடுகிறது என்ற இம்முடிபு, கெட்ட கடிகாரத்தின் அருகில் கொண்டுசெல்லும் திசைகாட்டியின் முள் நடுங்குவதைக் கொண்டு எளிதில் மெய்ப்பிக்கத் தக்கது. கடைகளில் காந்தம் நீக்கும் சிறு மின்கருவி உண்டு. சில நொடிகளில் வேலை முடிந்துவிடும்.

வெப்பம் ஒருகாலத்தில் பெருந்தொல்லையாக இருந்தது. எஃகுச் சுருள் சூட்டில் விறைப்புக் குறைந்து கடிகாரத்தைப் பிந்தச் செய்தது. நிக்கல் எஃகுக் கலவைகளை ஆராய்ந்து அத்தொல்லைக்கு வழி கண்ட சார்லஸ் எடுவார் கியோம் 1920 க்குரிய இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றார். நேரம் எல்லோர்க்கும் ஒன்றாக ஓடுவதில்லை என்று காட்டிய ஐன்ஸ்டைன் 1921 க்குரியதைத்தான் பெற்றார், அதுவும் வேறொரு கண்டுபிடிப்புக்காக.

இவ்வளவும் செய்த பின்னும் பிழை நின்றால் மட்டுமே பின்மூடியைத் திறந்து, + − குறிகளுக்கிடையே நிற்கும் ரெகுலேட்டர் என்னும் சிறு நெம்புகோலை அசைக்க வேண்டும். அது ஹேர்ஸ்பிரிங்கின் ஆடும் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் வேகத்தை மாற்றுவது. கண்ணில் லென்ஸ் மாட்டிய கடைக்காரர் அதை மயிரிழையளவு நகர்த்தி, ‘ரெண்டு நாள் பாருங்க’ என்று தருவார். உடையவரோ இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்.

இறுதியாக, இவை எவற்றையும் செய்யாமல், முள்ளை ஐந்து நிமிடம் முன்னே தள்ளி வைத்துவிட்டால் எங்கும் தாமதமாகாது என்னும் நெறியினரைக் கருத வேண்டும். தள்ளி வைத்தவரும் ஏமாற வேண்டியவரும் ஒருவரே ஆதலால், பார்க்கும்தோறும் ஐந்தைக் கழித்துக்கொள்வது இவர் இயல்பு. நாளுக்கு ஒரு விநாழிகை பிந்தும் ஜனதாவை இவர் முதல் நாள் காலை 6 மணிக்கு இவ்வாறு தள்ளி வைத்தால், முன்வைத்த 300 நொடியும் பன்னிரண்டரை நாளில் கரைந்து, 13 ஆம் நாள் மாலை 6 மணிக்கு அக்கடிகாரம் ஒரு நொடியும் பிசகாமல் சரியான நேரத்தைக் காட்டும். உடையவர் அதைப் பார்த்து, வழக்கம்போல் ஐந்தைக் கழித்து, இன்னொரு தேநீர் சொல்லும்போது 6 மணிப் பேருந்து புறப்பட்டுவிடும்.