மாமாவின் மகிஷாசுரன்

கொள்ளேகாலிலிருந்து மாதேசுவரன் மலைக்குப் போகிற பஸ்ஸில் ஹனூர் தாண்டினால் மாமாவின் ஊர், கௌதள்ளி. 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமாகிவிட்டது. மாமாவுக்கு மட்டும் ஊர் இன்னும் மைசூர் ஜில்லாவில்தான் இருக்கிறது. மாமா பொம்மை செய்பவர். சரியாகச் சொன்னால், செய்யப்போகிறவர்.

இவர் மாதிரி ஒருவர் இல்லாத ஊர் கிடையாது. சட்டைப்பையில் பேனா இருக்காது, அளவு டேப் இருக்கும். ஹார்டுவேர் கடைக்குக் கட்டுக்கம்பி வாங்கப் போவார்; டிரில் மெஷினோடு வருவார். "கம்பி எங்கே?" என்று அத்தை கேட்டால், "முதல்ல ஆயுதம் சேரணும்டி, அப்புறம்தான் வேலை" என்பார். குளூ கன் சேர்ந்தது. தெர்மாகோல் அறுக்கும் சூட்டுக்கம்பி சேர்ந்தது. மூன்று அளவில் குறடு. வேலைதான் இன்னும் வந்து சேரவில்லை.

அத்தை கேட்டது என்னவோ ராகிக் கொல்லைக்கு ஒரு பெதரு பொம்பெ, அதாவது கன்னடத்தில் சோளக்கொல்லைப் பொம்மை. காடு பக்கத்திலேயே இருக்கிறது. யானைக்குப் பொம்மையெல்லாம் பொருட்டில்லை. குருவியாவது பயப்படட்டுமே என்றார் அத்தை. ஆனால் மாமா சாமுண்டி மலைக்குப் போய்வந்தவர். வலது கையில் வாள், இடது கையில் பாம்பு, முறுக்கு மீசையோடு நிற்கும் மகிஷாசுரனைப் பார்த்த கண்ணுக்குக் குச்சியும் சட்டியும் பிடிக்குமா? "பத்தடி. கண்ணில் சிவப்பு எல்.இ.டி." தாள் மேல் தாளாக வரைந்தார். பாம்பு மட்டும் நன்றாக வந்தது.

தசரா லீவுக்கு வந்த பெங்களூர் மகன் ஹாலோவீன் கதையை அவிழ்த்தான். அக்டோபர் 31-ல் பரங்கிக்காயைக் குடைந்து, மூஞ்சி வெட்டி, உள்ளே விளக்கு வைப்பார்களாம். அயர்லாந்தில் முதலில் டர்னிப்பைத்தான் குடைந்தார்களாம். அமெரிக்கா போன பிறகே பரங்கிக்கு மாறினார்களாம். "நாமளும்தான் பூசணிக்கு மூஞ்சி எழுதி நடுரோட்டுல உடைக்கிறோம், விளக்கு மிச்சம்" என்றார் அத்தை. மாமா காதில் விழுந்தது ஒன்றுதான்: பரங்கியைக் குடைய பல் வைத்த சின்ன ரம்பம் உண்டு. தருவித்தார். பரங்கியில் பழகியிருக்கலாம். மூங்கிலில் பழகினார். பல் இரண்டு போனது.

ஆயுத பூஜையன்று அத்தனையும் வரிசையாகப் பலகையில் ஏறின. சந்தனம், குங்குமம், செவ்வந்திப் பூ. டிரில் மெஷினின் மேல் அதுவரை விழுந்த ஒரே கறை போன வருஷக் குங்குமம்.

மறுநாள் காலையில் அத்தை கொல்லைக்குப் போனார். இரண்டு குச்சியைக் குறுக்கே வைத்துச் சணலால் இறுக்கினார். கோணி ஊசியால் நாலு தையல். கொடியில் கிடந்த மாமாவின் கட்டம் போட்ட சட்டையை மாட்டி வைக்கோல் திணித்தார். கரி பிடித்த சட்டியைக் கவிழ்த்து, சுண்ணாம்பில் விரல் தொட்டு இரண்டு கண், ஒரு பல்வரிசை. கால் மணி நேரம். புதிதாகக் கைவைக்கிறவர்களுக்கு இதற்கு மேல் ஒரு சாமானும் வேண்டாம் என்பது என் கட்சி.

மாமா வந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "இடது தோள் ரெண்டு இஞ்ச் எறங்கியிருக்கு" என்று அளக்க டேப்பைத் தேடினார். அது பொம்மையின் சட்டைப்பையில் இருந்தது.

அன்று பொழுது சாய்கிற நேரம், வரப்பில் போன பக்கத்துக் கொல்லைக்காரர் அந்தச் சட்டையைப் பார்த்து நின்றார். "என்ன மாமா, மகிஷாசுரன் எப்போ ரெடி?"

பொம்மை பேசவில்லை. மாமாவாயிருந்தால், "அடுத்த தசராவுக்கு" என்றிருப்பார்.