மேலே இடம் உண்டா?

மறையூர் வெல்லத்தைப் பையில் கட்டிக்கொண்டு கொச்சியில் விமானம் ஏறுபவருக்கு, தலைக்கு மேலுள்ள பெட்டியில் இடம் பிடிக்க முண்டியடிப்பதைத் தவிர வேறு வழி உண்டா?
– வாசகர், மறையூர்

உண்டு, சன்னலோரப் பயணிகளைப் பின்னாலிருந்து ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக முதலில் ஏற்றினால், பலரும் இடித்துக்கொள்ளாமல் ஒரே நேரத்தில் பைகளை மேலே வைக்கலாம் என்று, வேற்றுக் கோள்களை ஆராயும் வானியற்பியலாளர் ஜேசன் ஸ்டெஃபன் 2008இல் கணினிக் கணக்கீட்டால் காட்டினார். ஆனால் கோள்கள் வரிசை தவறுவதில்லை, பயணிகள் தவறுவார்கள். முன்னதாக ஏறும் உரிமை தனிக்கட்டணத்துக்கும் விற்கப்படுவதால், காசு கொடுத்தவர் முந்திவிடுகிறார். உள்நாட்டுப் பயணத்தின் சாதாரண வகுப்பில் கைப்பைக்குப் பொதுவான வரம்பு 7 கிலோதான் என்பதால், 2019இல் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப்பெயருக்கான சட்டப் பாதுகாப்பு, பெற்ற அந்த வெல்லத்தைச் செக்-இன் செய்துவிடுவதே நல்லது.