லாஃப்ட் வீட்டு லெ கொர்பூசியே

சென்னையில் லாஃப்ட் என்றால் பழைய பித்தளைப் பாத்திரமும் கொலு பொம்மைகளும் ஏறி உட்காரும் பரண். நம்ம ஆளுக்கோ அது அடையாறில் மொட்டைமாடியோடு வாங்கி, நடுச்சுவரை இடித்துவிட்ட மேல்மாடி ஃப்ளாட். "பரண்லயாடா குடியிருக்கே?" என்று ஊரிலிருந்து பெரியம்மா போனில் பரிதாபப்பட்டார்.

மேலே அவர் போடுவது மாடித்தோட்டமும் அல்ல. அது தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் பையும் வெண்டை விதையும். இவருடையது 'ரூஃப் கார்டன்', வேறு வம்சம். கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே 1927இல் வெளியிட்ட ஐந்து கொள்கைகளில் ஒன்று இது: கட்டடம் விழுங்கிய நிலத்தை மாடியில் திருப்பித் தந்துவிட வேண்டும். விருந்தாளிக்குக் காபி வருவதற்குள் இதைச் சொல்லி முடிப்பார். காபி தாமதமானால், ரியோ டி ஜெனிரோவில் அமைச்சகக் கட்டடத்தின் மேல் தோட்டக் கலைஞர் பர்லே மார்க்ஸ் அமீபா வடிவில் பாத்தி கட்டிய கதையும் உண்டு.

தன் மாடியிலும் சுண்ணாம்புத்தூளில் ஓர் அமீபா வரைந்தார். ஒரு அடி உயரத்துக்கு மண் கொட்டுவதாகத் திட்டம். வந்த இன்ஜினியர் டேப்பைக்கூட விரிக்கவில்லை.

"சார், மொட்டைமாடிக்கு சதுர மீட்டருக்கு 150 கிலோன்னுதான் கணக்கு. இந்த மண்ணு நனைஞ்சா அரை டன் வரும்."

அமீபா இளைத்துப்போய்ச் சுவரோரம் ஒதுங்கியது. மண்ணுக்குப் பதிலாக, மானியப் பையில் வரும் அதே தென்னை நார்க்கழிவு. ஆனால் தொட்டி சாம்பல் நிறம், அதில் விட்டுக்கொடுக்கவில்லை. பூவுக்கும் அனுமதியில்லை, இலை மட்டும்தான். பாம்புக்கற்றாழை அசராமல் நின்றது. அக்னி நட்சத்திரத்தில் பொசுங்கிய அலங்காரப் புல்லை 'ப்ரவுன் டோன்' என்று சொல்லிச் சமாளித்தார்.

ஐப்பசி மழையில் கீழ்வீட்டு மாமி படியேறி வந்தார். சீலிங்கில் இந்தியா மேப் அளவுக்கு ஈரமாம். ஆறுதலாக இருக்கட்டும் என்று இவர், பாரிஸ் பக்கம் பொய்சியில் 1931இல் கொர்பூசியே கட்டி முடித்த வில்லா சவாயும் ஒழுகியதையும், அந்த வீட்டுக்காரம்மா புகார்க் கடிதம் எழுதியதையும் விவரித்தார்.

"பெயின்ட் செலவை யார் குடுத்தாளாம்?" என்றார் மாமி.

வாட்டர்ப்ரூஃபிங் முடிந்தது. தையில் பெரியம்மா வந்தார். வெறுமையை ரசிப்பதற்கென்றே போட்டிருந்த கான்கிரீட் பெஞ்சில் பழைய வேட்டியை விரித்துக் கூழ்வற்றல் பிழிந்தார். காக்காய்க்காகக் குச்சியில் கறுப்புத் துணி கட்டி, சாம்பல் தொட்டியில் நட்டார். இவர் போட்டோ எடுத்தார், பெஞ்சு தெரியாத கோணத்தில்.