நந்தனத்தில் களவியல்: பொன்னியின் செல்வன் அன்பர் உறவு குறித்து ஓர் ஆய்வு

முன்பின் பார்த்திராத இருவர், பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல், வழியை அடைத்து நின்று வெகுநேரம் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் ஒருவர் பையை மற்றவர் தூக்கிக்கொண்டு காபி குடிக்கப் போவது சென்னையில் வழக்கமில்லை. அப்படி நடக்கும் இடம் ஒன்று உண்டு: நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி மைதானம், புத்தகக் காட்சி நாட்களில். யானைக்கும் குதிரைக்கும் மனையடிக்கும் சாஸ்திரம் செய்த நம் முன்னோர் இந்த நிகழ்வுக்கு மட்டும் இலக்கணம் செய்யாமல் போனார்கள். அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் களம். 1920இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் தொடங்கிய கல்லூரி இது. இந்தியர் உடம்பைத் தேற்றவேண்டும் என்பது அவர் கனவு. புத்தகக் காட்சியோ 1977இல் அண்ணா சாலை மதரஸா-இ-ஆசம் பள்ளியில் பிறந்து, காயிதே மில்லத் கல்லூரி வழியாக ஊர் சுற்றி நந்தனம் வந்தது. இரண்டும் சேர்ந்ததால் பக் துரையின் கனவு வேறு வகையில் பலித்தது. கல்கியின் பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்களையும் ஒரே பையில் போட்டுக் கடைசி வரிசைக் கடையிலிருந்து அண்ணா சாலை வரை நடப்பதைவிடக் கடுமையான பயிற்சி அந்த மைதானத்தில் இல்லை. ஐந்தாம் பாகம் மட்டுமே 91 அத்தியாயம்.

இவ்வாய்வு அந்நூலை மிகுபுனைவாகவே கொள்கிறது. அது சரித்திர நாவல் ஆயிற்றே, மிகுபுனைவோடு ஏன் சேர்க்கிறாய் என்று கேட்பவருக்கு ஒரு வார்த்தை. வால்நட்சத்திரம் தோன்றினால் ராஜகுலத்தில் ஒரு சாவு, பள்ளிப்படையில் கூடும் மந்திரவாதிகள், ஊமை ராணி, சுரங்கப் பாதை எல்லாம் வைத்துக்கொண்டு ஒரு நூல் வேறென்னவாக இருக்கமுடியும்? வந்தியத்தேவனும் குந்தவையும் கல்வெட்டில் இருக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். பூங்குழலி எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆனாலும் கோடியக்கரைக்குப் போய் அவள் ஓடம் விட்ட இடம் எது என்று உள்ளூர்க்காரரை விசாரிப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியராக இருந்தாலும் ஆச்சரியப்படக் கூடாது. காலக் கணக்கும் நம் பக்கம்தான். கல்கி இதழில் 1950 அக்டோபரில் தொடங்கிய தொடர் 1954 மே மாதம் முடிகிறது. அதே ஆண்டு ஜூலையில் லண்டனில் டோல்கீனின் மோதிரக் கதை முதல் பாகம் வெளிவருகிறது. இடைப்பட்ட இரண்டு மாதம் உலக வாசகர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

இனி இலக்கணம். அகப்பொருள் நூல்கள் களவு, அதாவது மறைவில் வளரும் காதல், நான்கு வகை என்கின்றன. நான்கும் நந்தனத்துக்கு அப்படியே பொருந்துவதைக் கண்டு ஆய்வாளர் மெய்சிலிர்த்தார்.

இயற்கைப் புணர்ச்சி என்பது ஊழால் கூடுவது. அடுக்கி வைத்த ஐந்து பாகங்களின் முன் ஒரு பெண் நின்று முதல் பாகத்தைப் புரட்டுகிறாள். பக்கத்தில் வேட்டி கட்டிய பெரியவர். அவர் யாரோ, அவள் யாரோ.

“முதல் தடவையாம்மா?”

“ஆமா சார். படம் பாத்துட்டுதான்.”

“உன்னைப் பாத்தா பொறாமையா இருக்கும்மா.”

இந்தக் கடைசி வாக்கியம் சோதனைக்குரியது. வேறு எந்த நூலுக்கும் அதைப் படிக்காதவரைப் பார்த்துப் படித்தவர் பொறாமைப்படுவதில்லை, பரிதாபம்தான் படுவார். ‘படம் பாத்துட்டுதான்’ என்று அவள் சற்றுக் கூச்சத்தோடு சொல்வதையும் கவனிக்கவேண்டும். படம் வந்த 2022க்கு முன் படித்தவர், பின் படித்தவர் என்று இந்தக் குலத்தில் இரண்டு கிளைகள் உண்டு. மூத்த கிளை இளைய கிளையை வெளியே சிரித்துக்கொண்டு வரவேற்கும். உள்ளே என்ன நினைக்கும் என்பது ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இடந்தலைப்பாடு, நேற்றுக் கூடிய இடத்துக்கே இன்றும் வருவது. பில்லை மறந்துவிட்டேன் என்பது வழக்கமான சாக்கு. பாங்கற் கூட்டம், ‘இவரும் நம்ம ஆளுதான்’ என்று நண்பர் சேர்த்துவைப்பது. தோழி வழியாகக் கூடும் பாங்கியிற் கூட்டம் பற்றிய பகுதி, ஆய்வாளர் வீட்டில் எழுந்த ஆட்சேபத்தால் நீக்கப்பட்டது.

களவை வீட்டாருக்கு வெளிப்படுத்துவது அறத்தொடு நிற்றல். வீட்டில் ஏற்கெனவே நான்கு பதிப்பு இருக்கும்போது ஐந்தாவதை வாங்கியது ஏன் என்று விளக்கும் துறை இது. நாட்டுடைமையான பின் ஆளுக்கொரு பதிப்பகம் அச்சடித்ததால் விலை ஒரு காரணமே அல்ல. ‘அதில் எழுத்து பொடி’, ‘இதில் மணியம் படம் இருக்கு’ என்று தோழி வாயாகச் சொல்லவைப்பது உத்தமம். தொடருக்குப் படம் வரைந்த மணியம் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். இந்தச் சமூகத்தின் உச்சியில் இருப்பவர் பணக்காரரோ பேராசிரியரோ அல்ல. தாத்தா வாராவாரம் கல்கியிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணிய வால்யூமை வைத்திருப்பவர். அந்த வால்யூமில் நடுவே இரண்டு வாரம் விட்டுப்போயிருக்கும், ஓரம் உதிரும், ஊறுகாய்க் கறை இருக்கும். அவர் அதை யாருக்கும் தரமாட்டார். காட்டுவார். காட்டும்போது மற்றவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்வதைக் காணலாம்.

உடன்போக்கு என்பது வேன் எடுத்துக்கொண்டு போவது. வீராணம் கரை, குடந்தை, பழையாறை, கோடியக்கரை என்று வந்தியத்தேவன் குதிரை போன வழியெல்லாம் போய்வருவார்கள். படம் வந்தபின் சுற்றுலாத் துறையும் இதையே ஒரு பயணத் திட்டமாக்கியது. அதற்கு வெகுகாலம் முன்பே சொந்தச் செலவில் புளிசாதம் கட்டிக்கொண்டு போனவர்கள் இதைக் கேட்டு மெல்லச் சிரித்தார்கள்.

ஆனால் இவர்களைச் சேர்த்து வைத்திருப்பது கூடலும் அல்ல, உடன்போக்கும் அல்ல. ஊடல்தான். ஆய்வின் மையக் கேள்வி இதுவே: சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?

கடம்பூர் மாளிகையில், இருட்டில், பழுவூர் ராணி நந்தினி உட்பட அத்தனை பேர் இருக்க நடந்த கொலை. வந்தியத்தேவன் மேல் பழி விழுகிறது. மணிமேகலை நான்தான் என்கிறாள். பெரிய பழுவேட்டரையரும் நான்தான் என்கிறார். கல்கி யாரையும் கைகாட்டாமல் எழுந்து போய்விட்டார். வாசகர்கள் பிடித்துக்கொண்டதும் முடிவுரையில் யார் யாரை மணந்தார்கள் என்பதையெல்லாம் சொன்னவர், இதை மட்டும் சொல்லவில்லை. சரி, சரித்திரமாவது சொல்லுமா? காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று துரோகிகளின் பெயரையே வெட்டி வைத்திருக்கிறது. ஆனால் ஏவியவர் யார்? நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன் பக்கம் சந்தேகத்தைத் திருப்பினார். சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். ஆக அறிஞர் உலகிலும் இதே சண்டைதான், அடிக்குறிப்புகளோடு. மணி ரத்னம் திரையில் தம் விடையைச் சொன்னார். விவாதம் ஓயவில்லை, கட்சிதான் ஒன்று கூடியது.

இதன் பயனை எண்ணிப் பார்க்கவேண்டும். மற்ற நாவல்களின் முடிவை யாரேனும் ஒரு பாவி முன்கூட்டியே போட்டு உடைத்துவிடலாம். இதில் உடைக்க ஒன்றுமில்லை. எழுபது ஆண்டுக்கு மேலாகத் துப்புத் துலங்காத கொலை வழக்கில் தமிழ்நாடே சாட்சி; சாட்சிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்கமுடியுமா? இங்கிலாந்தில் 1969 முதல் இயங்கும் டோல்கீன் சங்கத்தார், அவர் பிறந்தநாளான ஜனவரி 3 அன்று இரவு ஒன்பது மணிக்குக் கோப்பையை உயர்த்திப் ‘பேராசிரியர்’ என்று சொல்லிக் குடிக்கிறார்கள். அழகான வழக்கம். ஆனால் அதில் சண்டைக்கு இடமில்லை. நம்மவர் கையில் காகிதக் கோப்பைக் காபி இருக்கும். அதை உயர்த்துவது எதிராளியின் மூக்குக்கு நேரே நீட்டி, “அப்ப நந்தினி அங்க எதுக்கு நின்னா, சொல்லுங்க பாப்போம்” என்று கேட்பதற்குத்தான்.

வெண்முரசு நாவல் வரிசையின் வாசகர்கள் தனிக் குலம். 26 நாவல்கள் ஆகையால் அவர்களை ஆராய இந்த ஆய்வாளரின் ஆயுள் போதாது.

மாற்றுக் கொள்கை ஒன்றுக்கு மறுப்புச் சொல்லி முடிக்கிறேன். நாவல் தொடங்குவதே வீரநாராயண ஏரிக் கரையில். 2004 முதல் அதே வீராணத் தண்ணீர் சுமார் 235 கிலோமீட்டர் குழாயில் சென்னைக்கு வருகிறது. தினமும் அதைக் குடிப்பதால்தான் இந்த நகரத்தாருக்கு இப்படி ஆகிறது என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, நிற்காது. 1999இல் மேஜிக் லாண்டர்ன் குழுவினர், குமரவேல் எழுதிய நாடக வடிவத்தை இதே ஒய்.எம்.சி.ஏ. வளாகத்தில் மேடையேற்றினார்கள். மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்க்க அன்று திரண்டவர்கள் குடித்தது புழல் தண்ணீரும் லாரித் தண்ணீரும். புழல் ஏரியைப் பற்றி இன்றுவரை யாரும் ஐந்து பாகம் எழுதியதில்லை.