இணைப்புக்கு விலக்கு

ஆங்கில விக்கிப்பீடியாவின் தொகுப்பாளர்களைத் துன்புறுத்தும் தளங்களுக்கு யாரும் இணைப்புக் கொடுக்கக் கூடாது என்று 2007-ல் அங்கே ஒரு விதி முன்மொழியப்பட்டது. நியாயமான ஆசைதான். புனைபெயரில் எழுதுகிறவரின் வீட்டு முகவரியைத் தோண்டிப் போடுகிறவனுக்கு நாமே கைகாட்டி மரம் நட வேண்டுமா?

எந்தெந்தத் தளங்கள் என்று கேட்டால்தான் சங்கடம். பெயரைச் சொன்னால் இலவச விளம்பரம். சொல்லாவிட்டால் விதி யாருக்கென்றே தெரியாது. பேசிப் பேசி, முன்மொழிவு தேறவில்லை. அதனால் என்ன? தேறாத விதியையும் தேறியதாகவே நடத்தச் சிலர் இருந்தார்கள். அதே ஆண்டு, திரைப்பட இயக்குநர் மைக்கேல் மூரின் தளம் ஒரு தொகுப்பாளரைச் சீண்ட, பாய்ந்தது கத்தரிக்கோல். மைக்கேல் மூரைப் பற்றிய கட்டுரையிலேயே மைக்கேல் மூரின் தளத்துக்கு இணைப்பு போயிற்று! மனிதரின் படங்கள், சர்ச்சைகள் எல்லாம் படிக்கலாம். அவர் வீட்டு வாசல் மட்டும் ஆகாது. (எதை மறைக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க யாருக்குத்தான் ஆசை வராது?) ஒருவர் வெட்ட, இன்னொருவர் ஒட்ட, விவகாரம் முற்றியது.

கடைசியில் இணைப்புத் தகராறு விக்கிப்பீடியாவின் நடுவர் குழுவுக்கே வழக்காகப் போனது. வழக்கென்றால் ஆதாரம் காட்ட வேண்டும். ஆதாரத்தை இணைப்பு இல்லாமல் எப்படிக் காட்டுவதாம்?