மெய்க்காவலரை ஐயுறும் முறைமை

தேயிலைக் கவ்வாத்திற்குக் கையேடு உண்டு. கோழிக்குஞ்சுகளுக்கு வரும் கழிச்சல் நோய்க்கும் கையேடு உண்டு. ஒரு நாட்டின் தலைவரைக் காக்க நிறுத்தப்பட்டவனை எவ்வாறு ஐயுறுவது என்பதற்கு மட்டும் முறையான நூல் வழக்கில் இல்லை. அக்குறையை ஓரளவேனும் நீக்குவது இச்சிற்றாய்வின் நோக்கம்.

ஐயம் இருவகைப்படும். ஒன்று செயலால் வருவது. மற்றது நிற்குமிடத்தால் வருவது. முன்னது எல்லா மாந்தர்க்கும் பொது. பின்னது காவலர்க்கே சிறப்பாக உரியது. இலங்கை மலைநாட்டில் றொசல்லயைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் இதன் எளிய வடிவத்தைக் காணலாம். ஸ்டோரில் தேயிலை குறைந்தால் முதலில் விசாரிக்கப்படுபவர் இரவுக் காவல்காரர். தேயிலை குறையாவிட்டால், இவருக்கு எதற்குப் பேர் போடுகிறோம் என்று தொரை கணக்கப்பிள்ளையிடம் கேட்பார். இரு நிலையிலும் காவல்காரர் நின்ற இடம் ஒன்றே.

நிற்குமிடத்தை ஆராயுமிடத்து, மெய்க்காவலர் நால்வகையினர். முன்னிற்போன், தலைவருக்கு முன்னரே காயம்பட வேண்டியவன். படாவிடின் விளக்கம் தர வேண்டும். பக்கத்தில் நிற்போனுக்கும் இது பொருந்தும் என்பதால் அவனைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. பின்னிற்போன் அனைத்தையும் பார்த்தவன், பார்த்தும் நின்றவன். இவ்வகைக்குக் காவலர் அல்லாதோரும் தகுதி பெறலாம். 1984 ஒக்டோபர் 31 காலை, புதுடில்லி சப்தர்ஜங் வீதி இல்லத்தில் பிரதமர் இந்திரா காந்தியை அவருடைய காவலர்களான பியாந்த் சிங், சத்வந்த் சிங் இருவரும் சுட்டபோது, செயலாளர் ஆர். கே. தவான் பின்னால் நடந்து வந்தார், காயமின்றித் தப்பினார். விசாரணை நடத்திய தக்கர் ஆணைக்குழு, ஐயத்தின் முள் அவரை நோக்கி நிற்பதாக எழுதியது. 1989இல் அவர் மீண்டும் அரச பணிக்கு அழைக்கப்பட்டார். முள் பின்னர் எத்திசையில் நின்றது என்பது ஆய்வுக்குரியது.

நான்காம் வகையினன் அங்கு இல்லாதவன். நால்வருள் இவனே தலையாயவன். நிற்பதற்குக் கால்கள் போதும். இல்லாதிருப்பதற்கோ முன்யோசனை வேண்டும். இல்லாமையும் இருதிறப்படும்: விடுப்பால் இல்லாமை, முறைமாற்றால் இல்லாமை. டில்லி பொலிஸ் உப பரிசோதகர் பல்பீர் சிங் இரண்டாம் திறத்தவர். அன்று அவருக்குரிய வேலை நேரம் மாலை. மாலையில் வந்தார், காக்கப்பட வேண்டியவர் அதற்குள் இறந்திருந்தார். அன்றிரவு 3 மணியளவில் அவர் வீடு சோதனையிடப்பட்டது. சீக்கியத் தீவிரவாதத் தலைவர் பிந்திரன்வாலே பற்றிய அச்சிட்ட நூல் ஒன்று அகப்பட்டது. அச்சிட்ட நூல் ஒன்றுக்கு மேற்பட்ட படிகளில் கிடைக்கும் பொருள் என்பது அந்நேரத்தில் ஆராயப்படவில்லை.

பின்னர் அவர் யமுனா வெலோட்ரோம் என்னும் சைக்கிள் பந்தய அரங்கிற்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கிருந்து விடுவிக்கப்பட்டார் என்பது அரசுத் தரப்பின் கூற்று. விடுவித்ததற்கான ஏற்கத்தக்க பதிவு இல்லை. டிசெம்பர் 3 அன்று நஜப்கர் பேருந்து நிறுத்தத்தில் கைதானார் என்பதும் அத்தரப்பின் கூற்றே. அவ்வேளை அவரிடம் ஒரு தாள் இருந்ததாம். அதில் சில தேதிகளும் நிகழ்ச்சிக் குறிப்புகளும் இருந்தன. சதி செய்வோர் தம் சதியின் கால அட்டவணையை வாரக்கணக்கில் உடன் கொண்டு பேருந்திற்குக் காத்திருப்பர் என்பது இவ்வழக்கு ஐயவியலுக்கு அளித்த புதிய கொள்கை.

இனிப் பறவையியல். 1984 செப்டெம்பர் முதல் வாரத்தில், பகல் ஒன்றரை மணியளவில், பிரதமர் இல்லத்து வரவேற்பறை அருகே ஒரு மரத்தில் வல்லூறு ஒன்று அமர்ந்தது. பல்பீர் சிங் அதைக் கண்டு பியாந்த் சிங்கை அழைத்துக் காட்டினார். சீக்கியரின் பத்தாம் குருவின் செய்தியை அது கொணர்ந்ததாக இருவரும் கருதி அங்கேயே வழிபட்டனர். சதி அவ்விடத்தில் கிளைத்தது என்பது குற்றச்சாட்டு. இதனை நான்கு படிகளாகப் பகுக்கலாம். அமர்தல் பறவையின் வினை. காணல் கண்ணின் வினை. காட்டல் விரலின் வினை. வழிபடல் மரபின் வினை. பத்தாம் குரு கோவிந்த் சிங் ஓவியங்களில் பெரும்பாலும் கையில் வல்லூறுடனேயே தோன்றுவார். இந்நான்கனுள் சதி எப்படியில் நுழைந்தது என்பதே வினா. முதற்படியில் என்றால் பறவையும் உடன்குற்றவாளி. இரண்டாம் படியில் என்றால், பிரதமர் இல்லத்து மரங்களை நோக்குவதே தொழிலாகக் கொண்ட அனைவரும் குற்றவாளிகள். மூன்றாம் படியை ஏற்பதில் மலைநாட்டவர்க்குத் தனி இடர்ப்பாடு உண்டு. லயத்து வாசலில் குஞ்சுகள் மேயும்போது வானில் பருந்து வட்டமிட்டால், கண்டவர் அடுத்த வீட்டாரை அழைத்துக் காட்டுவதே வழமை. ஒரு லயத்தில் இருபது வீடு என்று கொண்டாலும், சட்டம் தாங்காது.

சான்றுகளை இவ்வாறு தொடுக்கும் முறை நிலைபெறுமாயின், இலக்கம் 3இன் நிலை கவலைக்குரியது. வீட்டுச் சோதனை 3 மணிக்கு. கைது டிசெம்பர் 3. பல்பீர் சிங்குக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை டில்லி உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது 1986 டிசெம்பர் 3. வழக்கில் தண்டிக்கப்பட்டோர் மூவர். உச்ச நீதிமன்ற அமர்வில் நீதியரசர்கள் ஓஜா, ரே, ஜெகந்நாத ஷெட்டி ஆகிய மூவர். தீர்ப்பு 1988 ஆகஸ்ட் 3. வல்லூறு ஒருமுறை மட்டுமே தோன்றியது. இவ்விலக்கமோ தொடர்ந்து நடமாடியிருக்கிறது. அது விசாரிக்கப்படவில்லை.

அம்மூன்று நீதியரசரும் பல்பீர் சிங்கை விடுதலை செய்தனர். பறவையும் தாளும் சதியை மெய்ப்பிக்கப் போதா என்பது அவர்கள் முடிபு. கைதான நாள் என்று சொல்லப்பட்டதிலிருந்து கணக்கிட்டால் 3 ஆண்டுகளும் 8 மாதங்களும் ஆகியிருந்தன. அவற்றுள் இரண்டரை ஆண்டுகளை அவர் தூக்குத் தண்டனை பெற்றவராகக் கழித்தார். 2006இல் வெளியான ‘த சென்டினல்’ திரைப்படத்தில் மைக்கேல் டக்ளஸ் ஏற்ற மெய்க்காவலர் இதே ஐயத்திற்கு ஆளாகி, ஓடித் தப்பி, உண்மைத் துரோகியைத் தாமே கண்டுபிடித்துவிடுகிறார். சிறையிலிருப்போர்க்கு அம்முறை பரிந்துரைக்கத்தக்கதன்று.

ஐயத்தின் காகித விதி இவ்வழக்கால் தெளிவுறுகிறது: ஐயுறப்பட்டவன் காகிதம் காட்ட வேண்டும், ஐயுற்றவர் காட்ட வேண்டியதில்லை. மலைநாடு இவ்விதியில் முன்னோடி. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டப்படி, இங்கே பிறந்தவன் இந்நாட்டவனாகத் தன் தந்தை இங்கு பிறந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. இயலாதெனில் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. பூட்டன் பிறந்தபோது எழுதிவைத்த கங்காணி எவருமிலர். 1964 ஒக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோவும் சாஸ்திரியும், இவ்வாறு நாடற்றோரான மலைநாட்டாருள் 525,000 பேரை இந்தியாவிற்கும் 300,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கினர். எஞ்சிய 150,000 பேரை 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் ஆளுக்கு 75,000 எனப் பகிர்ந்தனர். எஞ்சியது இரட்டைப்படை எண்ணாக அமைந்ததால் எவரையும் இரண்டாக வகுக்க நேரவில்லை. முதல் ஒப்பந்தத்திற்கும் இந்திரா காந்தியின் இறப்பிற்கும் இடையே மிகச் சரியாக இருபது ஆண்டுகளும் ஒரு நாளும் உள்ளன. வல்லூற்றைச் சான்றாக ஏற்போர் இதையும் ஏற்க வேண்டியிருக்கும் என்பதால், மலைநாட்டார் பொருட்டு இதற்குமேல் அழுத்தாது விடப்படுகிறது.

மெய்யாகவே மாறுபட்ட காவலரின் வரலாறு வேறுவகையானது. 11ஆம் நூற்றாண்டில் முதலாம் விஜயபாகு சோழர் மீது படையெடுக்க ஏவியபோது, உயிர்கொடுக்க உறுதிபூண்ட வேளைக்காரப் படையினர் கிளர்ந்தெழுந்து பொலனறுவை அரண்மனையைக் கொளுத்தினர். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. பின்னாளில் புத்தரின் தந்ததாதுக் கோயில் அவ்வேளைக்காரரின் காவலிலேயே விடப்பட்டது. அதை அறிவிக்கும் தமிழ்க் கல்வெட்டு பொலனறுவையில் இன்றும் நிற்கிறது. அரண்மனையைக் கொளுத்தியோர்க்குக் கல்லிலேயே பதிவு கிடைத்தது. வெலோட்ரோமிலிருந்து வெளியே வந்தவருக்குத் தாளிலும் கிடைக்கவில்லை.

டில்லி நிகழ்வின் பின் 1985இல் இந்தியா சிறப்புப் பாதுகாப்புக் குழு என்னும் தனிப்படையை அமைத்தது. அதற்கான சட்டம் பல்பீர் சிங் விடுதலையான 1988இலேயே நிறைவேறியது. காவலரை நம்ப இயலாமைக்குத் தீர்வாகக் காவலரின் தொகை பெருக்கப்பட்டது. ஒரு தலைவருக்கு முன்னும் பின்னும் பக்கமும் உள்ள இடம் அளவிற்குட்பட்டது. முறைமாற்றி நிற்கவும் வேண்டும். ஆகவே, எந்த ஒரு வேளையிலும் அப்படையினருள் பெரும்பாலோர் நான்காம் வகையில் அடங்குவர்.