பொத்தானா, கம்பியா?

கேள்வி: ‘கிடார் ஹீரோ’ விளையாட்டில் என் பையன் ஆகக் கடினமான நிலையையும் முடித்துவிட்டான். இனி கிடார் வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டியதில்லைதானே?

பதில்: இன்றே கட்டிவிடுங்கள்! 2005-ல் வந்த அந்த விளையாட்டின் பிளாஸ்டிக் கிடாரில் இருப்பவை ஐந்து வண்ணப் பொத்தான்களும் மீட்ட ஒரு பட்டையும். திரையில் பச்சை வந்தால் பச்சையை அமுக்க வேண்டும். வாசிப்பது என்னவோ எப்போதோ ஒலிப்பதிவான கலைஞர்தான். நிஜக் கிடாரில் ‘எஃப்’ கார்டு (chord) பிடித்துப் பார்க்கட்டும். ஆட்காட்டி விரல் ஒன்றே ஆறு கம்பிகளையும் அழுத்த வேண்டும், மற்ற மூன்று விரல்கள் வேறு இடங்களில் நிற்க வேண்டும். ஒரு கம்பி சரியாக அழுந்தாவிட்டால் ‘டொக்’ என்று செத்த ஒலி வரும். எந்தக் கம்பி என்று திரை சொல்லாது, காதுதான் கண்டுபிடிக்க வேண்டும். விரல்நுனி காய்த்துப்போகும்வரை வலிக்கவும் செய்யும்.

அதற்காக அவன் ஆடிய நேரத்தை வீண் என்று திட்டாதீர்கள். இரண்டு கைகளும் தாளத்தோடு ஒத்துப்போகப் பழகியிருக்கின்றன. அது பெரிய முதலீடு. 2007-ல் வந்த ‘ராக் பேண்ட்’ விளையாட்டின் டிரம்ஸில் இந்த லாபம் இன்னும் அதிகம். குச்சியால் அடித்து, காலால் பெடலை மிதிப்பது கிட்டத்தட்ட நிஜ வாசிப்பேதான். விளையாட்டை விட மனமில்லை என்றால், ‘ராக்ஸ்மித்’ இருக்கிறது. அதில் நிஜ எலெக்ட்ரிக் கிடாரையே இணைத்து ஆடலாம்.

வகுப்பில் சேர்க்கும்போது ஆசிரியரிடம் ஒன்று கேளுங்கள்: விளையாட்டில் அவன் விரும்பி ஆடிய பாட்டிலிருந்தே தொடங்க முடியுமா?